சமச்சீர் சொல்வதும் சொல்லாததும்

புதிய பொருள் ஒன்று கைக்கு வரும். அதன் விந்தைக்கு விளக்கம் பின்னால் வரும். திடப்பொருள் இயற்பியலில் நெடுங்காலம் இதுவே வழக்கம். 1911இல் வெளிப்பட்ட மீக்கடத்தலுக்கு நிறைவான கோட்பாடு கிடைக்க 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டோப்பாலஜி சார்ந்த, அதாவது சிறு மாற்றங்களால் அழியாத, எலக்ட்ரான் நிலைகளைத் தேடுவோர் இந்த வரிசையை மாற்றிவிட்டனர். முதலில் படிகத்தின் சமச்சீர், அடுத்து கணக்கு, கடைசியில்தான் ஆய்வுக்கூடம். இந்த முறையின் வலிமையையும் குறையையும் ஒருசேரக் காட்டுபவை, கைத்தன்மை கொண்ட படிகங்கள்.

இடக்கை வலக்கையோடு பொருந்தாததுபோல, தன் ஆடிப் பிம்பத்தோடு பொருந்தாத அணு அடுக்கு கொண்டவை இவை. மொத்தமுள்ள 230 படிகச் சமச்சீர் வகைகளில் 65 மட்டுமே இதற்கு இடம் தருகின்றன. ஆடிச் சமச்சீர் இல்லாததன் பெரும் விளைவு எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகளில் தெரிகிறது. இந்தப் பட்டைகள் சந்திக்கும் புள்ளிகள் ஒவ்வொன்றும் செர்ன் எண் என்ற முழு எண்ணைச் சுமக்கின்றன. டான்டலம் ஆர்சனைடில் எதிரெதிர் எண் கொண்ட புள்ளிகளை ஆடிச் சமச்சீர் ஒரே ஆற்றலில் பூட்டி வைக்கிறது. கைத்தன்மை கொண்ட கோபால்ட் சிலிசைடில் அந்தப் பூட்டு இல்லை. அங்கே அவை வெவ்வேறு ஆற்றலில், உந்த வெளியில் நெடுந்தொலைவு விலகி நிற்கின்றன. அவற்றை இணைக்கும், ஃபெர்மி வில்கள் எனப்படும் பரப்பு எலக்ட்ரான் நிலைகள் படிகப் பரப்பின் உந்த வெளி முழுவதையும் கடந்து நீள்கின்றன.

கோபால்ட் சிலிசைடிலும் ரோடியம் சிலிசைடிலும் இந்த வில்கள் இருக்கும் என்று 2017இல் கணித்தார்கள். 2019இல் சிங்க்ரோட்ரான் ஒளியால் எலக்ட்ரான்களை வெளியேற்றி அளந்தபோது அந்த நீண்ட வில்கள் கண்ணில் பட்டன. 2020இல் பல்லேடியம்–காலியம் படிகத்தில் செர்ன் எண் 4 உறுதியானது. படிகத்தின் கை மாறினால் வில்களின் போக்கும் திரும்புவதைக் கண்டார்கள். காகிதத்தில் எழுதியது இரண்டே ஆண்டுகளில் உலோகத்தில் தெரிந்தது. இதைச் சாதனை என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் சமச்சீர் உறுதி தருவது பட்டைகள் சந்திக்கும் என்பதற்கு மட்டுமே. எந்த ஆற்றலில் சந்திக்கும், அருகே வேறு எந்த எலக்ட்ரான்கள் கூட்டம் போடும் என்பதை அது சொல்வதில்லை. 2019இல் மூன்று குழுக்கள் ஆயிரக்கணக்கான பொருள்களைக் கணினியில் சலித்துப் பட்டியலிட்டன. அவற்றுள் ஒன்று, ஆராய்ந்த பொருள்களில் கால் பங்குக்கு மேல் டோப்பாலஜி உடையவை என்றது. பட்டியலில் பெயர் இருப்பதாலேயே அந்த இயல்பு மின்னோட்டத்தில் தெரிந்துவிடாது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று வலுவாகப் பாதிக்கும் பொருள்களில் இந்தக் கணக்கே தடுமாறுகிறது.

இந்தக் குறைக்கு இன்னும் கூர்மையான சான்று ஒளிமின்னோட்டம். வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளி பட்டால், மின்னோட்டம் வளரும் வேகம் செர்ன் எண்ணின் மடங்காக அமையும் என்பது 2017இன் அழகான கணிப்பு. அளவீட்டில் அந்த எண் துல்லியமாக அகப்படவில்லை. எலக்ட்ரான்கள் சிதறுவதால் மின்னோட்டம் வளர்ந்துகொண்டே போகாமல் நின்றுவிடுகிறது. எண்ணைப் பெறச் சிதறல் நேரத்தைத் தனியே அறிய வேண்டும். பட்டைகளின் வளைவும் குறுக்கிடுகிறது. எண் பாதுகாப்பானது, அதைத் தாங்கி வரும் மின்னோட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மாதிரியில் இரு கைப் பகுதிகளும் கலந்திருந்தால், எதிரெதிர்க் குறி கொண்ட விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

அதற்காகச் சமச்சீரிலிருந்து தொடங்கும் முறையைக் கைவிடக் கூடாது. வெற்றியை அளக்கும் கோலை மாற்ற வேண்டும். எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றலான ஃபெர்மி மட்டத்திலிருந்து சந்திப்புப் புள்ளி எவ்வளவு தொலைவு, சிதறல் நேரம் எவ்வளவு, படிகம் எந்தக் கை என்ற மூன்று விவரமும் ஒவ்வொரு அறிவிப்போடும் வர வேண்டும். தூய்மையான, ஒரே கையுள்ள படிகத்தைப் பொறுமையாக வளர்ப்பவருக்குப் பட்டியல் தயாரிப்பவருக்கு நிகரான மதிப்பு தர வேண்டும். இந்தத் துறையின் அடுத்த பத்தாண்டு அவர் உலையில் இருக்கிறது.