சாட்டைக்கு எத்தனை விநாடி?

கோயில் பொங்கல் சாட்டிவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துச் சுவர்களில் மாட்டுவண்டிப் பந்தய நோட்டீஸ் ஏறிவிடும். சிவகாசி பக்கத்தில் இருக்கும்போது நோட்டீஸில் வண்ணத்துக்கு என்ன குறை? பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் போய்வர எத்தனை மைல். நுழைவுக் கட்டணம் எவ்வளவு. முதல் பரிசு யார் உபயம், குத்துவிளக்கு யார் நினைவாக. கடைசியில், விழாக் கமிட்டியின் முடிவே இறுதியானது. சாரதி தவறு செய்தால் என்ன ஆகும் என்பது மட்டும் அநேகமாக இருக்காது. ஆணி வைத்த தார்க்குச்சி கூடாது என்று ஒரு வரி இருந்தால் அதுவே பெரிது. மீறினால்? அந்தக் கேள்விக்கு நோட்டீஸிலும் பதில் இல்லை, கமிட்டியிடமும் இல்லை.

மாடுகளைப் பிரிப்பதில் இவ்வளவு நுட்பம் காட்டிய ஒரு விளையாட்டு, தண்டிப்பதில் இவ்வளவு அசட்டையாக இருப்பதுதான் என் குறை.

பிரிவுகளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தப் பந்தயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உயரத்தையும் உடற்கட்டையும் பார்த்து ஜோடியைப் பிரிக்கிறார்கள். சில ஊர்களில் கரிச்சான் மாடு என்று ஒரு பிரிவு சேரும். தூத்துக்குடிப் பக்கம் போனால் பூஞ்சிட்டுக்குக் கீழே தட்டாஞ்சிட்டு, தேன்சிட்டு என்று இன்னும் இறங்கும். பெரிய மாட்டு ஜோடி வைத்திருப்பது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. பருத்திக்கொட்டையும் கொள்ளும் போட்டு, தினமும் நடை பழக்கி, ஊர் ஊராக லாரியில் ஏற்றிக்கொண்டு போக வசதி வேண்டும். அந்தப் பிரிவு மட்டுமே இருந்திருந்தால் இது நாலைந்து பெரிய வீடுகளின் கௌரவச் சண்டையாக முடிந்திருக்கும். சின்னப் பிரிவுகள் இருப்பதால்தான், கரிசலில் மானாவாரி வெள்ளாமை பார்க்கிற ஒருவர், தன் தொழுவத்தில் பிறந்த கன்றுகளைப் பூட்டிக்கொண்டு அதே கோட்டில் வந்து நிற்க முடிகிறது. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்ட பிறகு, இந்த மண்ணில் காளை விலைபோகாமல் தொழுவத்திலேயே தங்கியிருக்க இந்தப் பந்தயமும் ஒரு காரணம். இது சின்ன விஷயமில்லை.

பெரியதும் சின்னதும் ஒரே களத்துக்கு வருகிற இதே சிக்கலை வேறொரு கூட்டமும் சந்தித்து வழி கண்டிருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள கார் கிளப்புகள் ஸ்லாலம் என்று ஒரு போட்டி நடத்துகின்றன. பெரிய பந்தயத் தளம் வேண்டாம். காலியான வாகன நிறுத்துமிடமோ பழைய விமான ஓடுதளமோ போதும். ரப்பர் கூம்புகளை வைத்து வளைவு வளைவாகப் பாதை போடுகிறார்கள். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு ஓடுகின்றன. எதிரி பக்கத்துக் கார் இல்லை, கடிகாரம். திங்கட்கிழமை வேலைக்குப் போகிற அதே காரில் ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு வருகிறவர்கள்தான் அதிகம். 1944-ல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா இதை ‘சோலோ’ என்ற பெயரில் நடத்துகிறது. அங்கே வெறும் சி.சி. பார்த்துப் பிரிப்பதில்லை. எந்த மாடல், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறதா, டயர் என்ன, சஸ்பென்ஷனில் கை வைத்திருக்கிறார்களா என்று பார்த்து வகை சொல்கிறார்கள். சி.சி. குறைந்த, எடையும் குறைந்த கார் ஒன்று, பெரிய எஞ்சின் வைத்த கனமான காரை வளைவுகளில் தோற்கடித்துவிடும் என்பது அவர்கள் ஓடிப் பார்த்துக் கற்றது.

நம் பந்தயத்தில் அந்தப் பாடம் இன்னும் படிக்கப்படவில்லை. உயரத்தையும் உடற்கட்டையும் மட்டும் வைத்துப் பிரித்தால், கட்டையாக வளர்ந்து முற்றிய மாடும், இன்னும் பல் போடாத கன்றும் ஒரே பிரிவில் வந்து நிற்கும். முற்றியது ஜெயிக்கும் என்பதல்ல என் கவலை. சின்னப் பிரிவு என்று ஒன்று இருப்பதாலேயே, நுகத்துக்கு வரக்கூடாத வயதில் கன்று நுகத்துக்கு வந்துவிடுகிறது. மாட்டுக்கு முதல் ஜோடி நிலைப்பல் இரண்டு வயதை ஒட்டித்தான் முளைக்கும். கடைசி ஜோடியும் முளைத்துக் கடை சேர நாலு வயதுக்கு மேல் ஆகும். மாட்டுத்தாவணியில் விலை பேசுகிற எவரும் முதலில் வாயைத் திறந்துதான் பார்க்கிறார். பந்தயக் கோட்டில் மட்டும் ஏன் அந்த வாயைத் திறக்கக் கூடாது? கொங்கு நாட்டு ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் திறக்கிறார்கள். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் பல் கணக்கைப் பார்த்துத்தான் 200 மீட்டரா 300 மீட்டரா என்று முடிவு செய்கிறார்கள். அங்கே வண்டிகளும் தனித்தனியாகத்தான் ஓடுகின்றன, விநாடிக் கணக்கில்தான் வெற்றி. அமெரிக்கக்காரர் கூம்பு வைத்துச் செய்வதைக் காங்கேயம் காளைக்காரர் நேர்ப்பாதையில் செய்துகொண்டிருக்கிறார்.

இந்த ஒப்பீட்டைச் சொன்னவுடன் எங்கள் பக்கத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். தனித்தனியாக ஓடினால் அது பந்தயமா என்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாலு ஊர்ச் சனம் ரோட்டோரம் நிற்க, ஒரு ஜோடி இன்னொரு ஜோடியின் தோளை உரசி முந்துவதைப் பார்க்கிற சுகம் கடிகாரத்தில் கிடைக்காது. அதை எடுத்துவிட்டால் பார்க்க ஆள் வராது, ஆள் வராவிட்டால் உபயதாரர் வரமாட்டார். ஆகவே கொங்கு முறையை அப்படியே கொண்டுவந்து நட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அந்த உரசலுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வண்டி நிற்கிறது. தார்ச்சாலையின் அகலமோ மூன்று வண்டிக்குச் சரி. மூக்கணாங்கயிற்றை இரண்டு பேர் இழுத்துப் பிடித்திருக்க, மாடு நுகத்தடிக்குக் கீழே காலை மாற்றி மாற்றி வைக்கிறது. கொடி இறங்குகிறது. வண்டிகள் கிளம்பிய வேகத்தில் பின்னாலேயே மோட்டார் சைக்கிள் கூட்டம், இடைவிடாத ஹாரன், கூச்சல். சாரதியின் ஒரு கையில் கயிறு, மறு கை சாட்டைக்கும் வாலடிக்குமாக. கூட்டம் நிற்கிற இடம் வரை சாட்டை காற்றில்தான் சுழலும். அரை மைல் தாண்டி வேலிக்கருவை இருபுறமும் அடைத்த இடத்தில் அது எங்கே விழுகிறது என்று பார்க்கக் கமிட்டி ஆள் ஒருவரும் இல்லை. பெரிய மாட்டுக்கு 8 மைல், சின்ன மாட்டுக்கு 6 மைல் என்று தூரம் வைக்கிறார்கள். 8 மைல் என்பது ஏறக்குறைய 13 கிலோமீட்டர். பல ஊர்களில் எல்லைக்கு முதலில் போய்த் திரும்புகிற வண்டிக்குக் கொடிப் பரிசு வேறு. பாதி வழியிலேயே மாட்டின் மூச்சை வாங்கிவிடத் தூண்டுகிற பரிசு அது. மீதிப் பாதியை அந்த மாடு எதைக் கொண்டு ஓடுகிறது என்பதற்குச் சாட்டைதான் சாட்சி. கொடிப் பரிசை இந்த வருஷமே நிறுத்திவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

இப்போது தண்டனைக்கு வருகிறேன். ஸ்லாலத்தில் ஒரு கூம்பைத் தட்டிவிட்டால், சோலோ விதிப்படி, எடுத்துக்கொண்ட நேரத்தோடு 2 விநாடி கூடும். அவ்வளவுதான், வாக்குவாதம் கிடையாது. கூம்புகளுக்கு நடுவேயுள்ள வாசலையே விட்டுவிட்டுப் போனால் அந்த ஓட்டம் கணக்கில் வராது. சின்னத் தவறுக்குச் சின்ன நஷ்டம், பெரிய தவறுக்கு முழு நஷ்டம். இதில் ஒரு நடைமுறை அறிவு இருக்கிறது. தண்டனை சிறியதாக இருப்பதால் அதை விதிக்க நடுவருக்குக் கை கூசுவதில்லை. எழுத்தில் இல்லாவிட்டாலும் நம்மிடம் இருப்பது ஒரே ஒரு தண்டனை: வண்டியைப் போட்டியிலிருந்து நீக்குவது. ஊர்ப் பெரிய மனிதர் வீட்டு வண்டியை, பக்கத்து ஊர் வண்டியை, வேறு சாதிக்காரர் வண்டியை, இரண்டு அடி கூடுதலாக அடித்தான் என்று நீக்கிப் பாருங்கள். சாயங்காலம் போலீஸ் வந்து நிற்கும். அதனால் எந்தக் கமிட்டியும் நீக்குவதில்லை. நீக்காதபோது விதி இருந்தும் இல்லாத கணக்கு.

பட்டாசுத் தொழிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நோய் புதிதல்ல. உரிமம் தருகிற அலுவலகத்தை வைத்து நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், மாவட்ட வருவாய் அலுவலர் உரிமம் என்று ஆலைகளுக்கு வகை பிரித்திருக்கிறார்கள். எந்த ஆலை எதைச் செய்யலாம், ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. அளவுக்கு மேல் மருந்து, கூடுதல் ஆள், மரத்தடியில் வேலை என்கிற மீறல்கள் விபத்துக்குப் பிறகுதான் செய்தியில் வருகின்றன. வந்ததும் உரிமம் ரத்து. வகைப்பாடு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், முதல் மீறலுக்கும் மரணத்துக்கும் நடுவே தண்டனை என்று ஒன்று நடக்காவிட்டால் அது காகிதம்தான் என்பதை நாங்கள் பிணங்களை எண்ணிக் கற்றிருக்கிறோம்.

சட்டமும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 1965-ம் ஆண்டின் வண்டி மாடு, பொதி மாடு விதிகள் ஆணி வைத்த கம்பைத் தடை செய்துதான் இருக்கின்றன. ஆனால் 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் மாட்டை அடித்து வதைத்தால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். இன்னொரு முனையில், 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்தையும் நாடு முழுக்கத் தடுத்தது. 50 ரூபாய், இல்லாவிட்டால் முழுத் தடை. 2016 ஜனவரியில் மத்திய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டு, மகாராஷ்டிரம், கர்நாடகம் முதலிய மாநிலங்களின் வண்டிப் பந்தயத்துக்கு 2 கிலோமீட்டர் என்று எல்லை போட்டது. ஐந்தே நாளில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2017-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழாவைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. வண்டிப் பந்தயத்தின் பெயர் அதில் தனியாக இல்லை. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் தங்கள் திருத்தங்களில் பெயர் சொல்லியே எழுதின. மூன்று மாநிலத் திருத்தங்களும் செல்லும் என்று 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. 2017-ல் மெரினாவில் போராடக் கூட்டம் கூடியது ஜல்லிக்கட்டுக்கு. வண்டிப் பந்தயம் அதன் நிழலில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. தனக்கென்று எழுதின விதி இல்லாத விளையாட்டை அடுத்த வழக்கில் யார் காப்பாற்றுவார்கள்?

என் யோசனை இதுதான். முதல், இரண்டாம் இடத்தைக் கோட்டில் பார்த்ததும் அறிவிக்காமல், ஒவ்வொரு வண்டியின் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மாட்டின் மேல் விழும் ஒவ்வொரு சாட்டையடிக்கும் 5 விநாடி, வாலை முறுக்கினால் 10 விநாடி கூட்ட வேண்டும். மாடு விநாடிக்கு ஏழெட்டு மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 5 விநாடி என்பது ஏறக்குறைய நாற்பது மீட்டர். ஓர் அடியால் நாற்பது மீட்டர் முன்னேறுகிற மாடு கிடையாது. அடிப்பது பாவம் என்று சாரதிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அடித்தால் தோற்போம் என்று அவருக்கே கணக்குத் தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. கொடுமைக்கு விநாடியில் விலை போட்டால், விலை கொடுத்து அடிக்கிறவனும் வருவான். பத்து விநாடி முன்னால் இருக்கிற வண்டி இரண்டு அடியை ‘வாங்கி’க்கொள்ளும். மறுக்க முடியாத குறைதான். அதனால்தான் இரண்டு அடுக்கு வேண்டும் என்கிறேன். தார்க்குச்சி கையில் இருந்தாலே வெளியே. ரத்தம் தெரிந்தால் வெளியே. பல் போடாத கன்றைப் பூட்டியிருந்தால் கோட்டுக்கே வரக் கூடாது. இந்த மூன்றுக்கும் விநாடிப் பேரம் இல்லை. விநாடிக் கணக்கு மற்றவற்றுக்கு மட்டும். நீக்கவேண்டிய குற்றங்கள் மூன்றாகச் சுருங்கிவிட்டால், அந்த மூன்றுக்காவது நீக்குகிற துணிச்சல் கமிட்டிக்கு வரும்.

அடிகளை யார் எண்ணுவது? 8 மைல் தூரத்துக்கு ஆள் நிறுத்த எந்த ஊராலும் ஆகாது. ஆகவே தூரம் குறைந்தே தீர வேண்டும். பெரிய மாட்டுக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். அதில் இருநூறு மீட்டருக்கு ஒருவர் என்றால் பத்துப் பேர் போதும். ஒரே நேரத்தில் நான்கு வண்டிக்கு மேல் விடாமல், வண்டிக்கு ஒரு வண்ணத் துண்டு கட்டிவிட்டால் எண்ணுகிறவருக்குக் குழப்பமில்லை. இப்போதே வண்டி அதிகம் வந்தால் இரண்டு செட்டாகப் பிரித்து ஓட்டுகிற வழக்கம் இருக்கிறது. அதை நாலைந்து செட்டாக்குவதில் புதுமை ஒன்றுமில்லை. தோள் உரசி முந்துகிற காட்சியும் மிஞ்சும். பூஞ்சிட்டை ரோட்டுக்கே கொண்டுவராமல், சித்திரையில் காய்ந்து கிடக்கிற கண்மாய்க்குள் 300 மீட்டர் கோடு போட்டுக் கொங்கு முறையில் தனித்தனியாக ஓட்டலாம். மோட்டார் சைக்கிள் கண்மாய்க் கரையோடு நின்றுவிடும்.

எண்ணுகிற அந்தப் பத்துப் பேரும் வெளியாட்களாக இருக்க வேண்டியதில்லை. கார் கிளப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: ஒரு செட்டில் ஓட்டுகிறவர்கள் அடுத்த செட்டில் வெயிலில் நின்று, விழுந்த கூம்பை எடுத்து வைத்துத் தவறைக் குறிக்க வேண்டும். அதைச் செய்யாதவரின் நேரம் கணக்கில் சேராது. அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சின்ன மாடு ஓடும்போது பெரிய மாட்டுச் சாரதிகள் வழியில் நிற்கட்டும், பெரிய மாடு ஓடும்போது சின்ன மாட்டுக்காரர்கள் நிற்கட்டும். சாட்டை காற்றில் வெடித்ததா, முதுகில் விழுந்ததா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்திலேயே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.