தோன்றா எழுவாய்: சிங்கப்பூர்ச் சுகாதார முழக்கங்களில் பெண்

ஏவல் வினையால் அமைந்த வாக்கியங்களில் எழுவாய் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. 'படி', 'வா', 'நிறுத்து' என்ற அளவில் வாக்கியம் முடிந்துவிடும். 'நீ' என்பது மறைந்து நின்று பொருள் தரும். இதனைத் தோன்றா எழுவாய் என்பர். அந்த 'நீ' ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது என்பதையும் மாணவர் அறிவர். அரசாங்கம் மக்களை நோக்கி ஏவல் மொழியில் பேசும்பொழுது மறைந்து நிற்கும் 'நீ' யார் என்று கேட்டால், இலக்கணப் பாடம் வரலாற்றுப் பாடமாகவும் விரியும். சிங்கப்பூரின் பொதுச் சுகாதார முழக்கங்களை இவ்வாறு ஆராய்வது தக்கதாகும்.

குடும்பக் கட்டுப்பாடு அத்தீவில் அரசாங்கத்தின் ஏவலாகத் தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின், பசியால் வாடிய சிறுவர்க்கு உணவளிக்கும் நிலையங்கள் அங்கே திறக்கப்பட்டன. அவற்றில் தொண்டு செய்த மாதர், பிள்ளைகளின் பசிக்குப் பின்னால் ஓயாத பிள்ளைப்பேற்றால் மெலிந்த தாய்மாரையும் கண்டனர். கான்ஸ்டன்ஸ் கோ முதலியோர் 1949ஆம் ஆண்டில் குடும்பத் திட்டச் சங்கத்தை நிறுவினர். சங்கத்தின் மருந்தகத்தை நாடி வந்தவள் தன் உடல்நலத்தை எண்ணித் தானே வந்தாள். அங்கே எழுவாய் வெளிப்படையாகவே நின்றது.

1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. சிறிய நிலப்பரப்பு, வேலையின்மை, வீட்டுப் பற்றாக்குறை ஆகியவற்றுக்கிடையே பிறப்பு விகிதம் ஆட்சியாளர்க்குக் கவலை அளித்தது. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் மட்டும் 1966இல் 39,835 குழந்தைகள் பிறந்தன. சராசரியாக நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல்! அவ்வாண்டிலேயே குடும்பத் திட்ட, மக்கள்தொகை வாரியம் அமைக்கப்பட்டது. கருக்கலைப்புச் சட்டமும் விருப்பக் கருத்தடைச் சட்டமும் 1970இல் நடைமுறைக்கு வந்தன. பாதுகாப்பான மருத்துவத்தைப் பெண்ணுக்கு எட்டச் செய்த அளவில் இவை நன்மையே.

அடுத்து வந்தது 'இரண்டோடு நிறுத்துக' என்னும் இயக்கம். அதன் சுவரொட்டிகளுள் பலர் நினைவில் நிற்பது ஒன்று: இரு சிறுமியர் ஒரு குடைக்கீழ் நிற்கின்றனர், ஓர் ஆப்பிளைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஆணாயினும் பெண்ணாயினும் இரண்டே போதும் என்பது அதன் கருத்து. இதன் சிறப்பை மறைத்தல் நேர்மையாகாது. ஆண் மகவு வேண்டி அடுத்தடுத்துப் பிள்ளை பெறும் வழக்கம் சீனர், இந்தியர் குடும்பங்களில் வேரூன்றியிருந்த காலம் அது. அக்காலத்தில், பெண்மக்கள் இருவரே இருந்தாலும் குடும்பம் நிறைவுடையதே என்று அரசாங்கம் சுவர்தோறும் எழுதி வைத்தது பெரிய செயல். பெண் பிறந்ததற்காகப் பழிக்கப்பட்ட தாய்க்கு அச்சுவரொட்டி ஓர் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால், முழக்கம் யாரை நோக்கியது என்பதைச் சுவரொட்டி காட்டவில்லை, விதிகளே காட்டின. 1973 முதல், பிள்ளைகளின் எண்ணிக்கை ஏற ஏற அரசாங்க மருத்துவமனையின் மகப்பேற்றுக் கட்டணமும் ஏறியது. சம்பளத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு முதல் இரு பேறுகளுக்கே என வரையறுக்கப்பட்டது. பெற்றோருள் ஒருவர் கருத்தடை செய்துகொண்டிருந்தால் பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை கிடைத்தது. 'பெற்றோருள் ஒருவர்' என்பது இருபாற்கும் பொதுவான சொல்லே. ஆயினும் அறுவைக்கு உடன்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆடவர்க்குரிய சிகிச்சை எளிதாக இருந்தும் நிலைமை இதுவே. விடுப்பின்றித் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டியவளும் பெண்ணே. சொல்லில் பொதுவாயிருந்த 'நீ', செலவிலும் வலியிலும் பெண்பாலாயிற்று.

இங்கே ஆசிரியர் உலகம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு சுகாதாரக் கொள்கையின் கருவியாக்கப்பட்டது. ஏழு வயதுப் பிள்ளையின் இடம், அதன் தாயின் உடலில் நிகழ்ந்த அறுவையைச் சார்ந்து நிற்பது கல்வி நெறிக்குப் பொருந்துமா? பிள்ளைக்கு அந்த அறுவையில் என்ன பங்கு உண்டு?

1984இல் அப்பதிவேடு மீண்டும் பயன்பட்டது, இம்முறை எதிர்த்திசையில். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்ற பட்டதாரித் தாய்மாரின் மக்களுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், கல்வியும் வருமானமும் குறைந்த, 30 வயதுக்குட்பட்ட தாய் ஒருத்தி இரண்டு பிள்ளைகளுடன் நிறுத்திக் கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி என்றும் அறிவிக்கப்பட்டது. ஒருத்திக்குப் 'பெறுக' என்னும் ஏவல். மற்றொருத்திக்கு 'நிறுத்துக' என்னும் ஏவல். இருவரையும் பிரித்தது உடல்நலம் அன்று, கல்விச் சான்றிதழ். நோயோ நலிவோ பேசப்படாத இத்திட்டத்தைச் சுகாதாரம் என்ற பெயரால் அழைத்தல் அரிது. மக்கள் இதனை வரவேற்கவில்லை. ஆளுங்கட்சியின் வாக்கு 1980இல் 77.7 விழுக்காடு, 1984 டிசம்பர்த் தேர்தலில் 64.8 விழுக்காடு. இச்சரிவுக்குரிய காரணங்களுள் இத்திட்டமும் ஒன்றெனக் கருதப்பட்டது. பட்டதாரித் தாய்மார்க்குரிய முன்னுரிமை 1985இல் கைவிடப்பட்டது. அவ்வாண்டில் 'அவேர்' என்னும் மாதர் இயக்கம் தோன்றியதும் இந்த விவாதத்தின் விளைவே.

சுவரொட்டியில் நின்ற அச்சிறுமியர் வளர்ந்து என்ன கண்டிருப்பர்? மருத்துவம் பயில விரும்பியிருந்தால், மாணவர் இடங்களுள் மூன்றில் ஒரு பங்கே மகளிர்க்கு என்னும் வரம்பு அவர்களைத் தடுத்திருக்கும். அது 1979இல் விதிக்கப்பட்டது. மணமான பெண் மருத்துவர்கள் பணியைக் குறைத்துக்கொள்வர் அல்லது விட்டுவிடுவர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தாயாகுக என்று ஏவியதும் ஒரு வாய். தாயாவாய் என்பதால் இடமில்லை என்று மறுத்ததும் அதே வாய். அவர்கள் மணப்பருவம் எய்துவதற்குள் முழக்கமும் மாறிவிட்டது. 1987இல் 'வசதியிருந்தால் மூன்று அல்லது அதற்கு மேலும் பெறுக' என்றாயிற்று. குடையின்கீழ் மூன்றாம் பிள்ளைக்கு இடமில்லை என்று படம் காட்டிய அரசாங்கமே இப்போது பெரிய குடை வாங்கச் சொன்னது!

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். சிறுநாடு பிழைக்க வேண்டியிருந்தது. கொள்கை வெற்றி பெற்றது. தாய்சேய் மரணம் வெகுவாகக் குறைந்தது. இன்று சிங்கப்பூர்ப் பெண்களின் சராசரி ஆயுள் 85 ஆண்டுகள் ஆகிவிட்டதே என்பர். இதில் உண்மை உண்டு. ஆயினும் இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும். தாய்சேய் மரணத்தைக் குறைத்தவை தாதியரும் மருத்துவச்சியரும் தூய நீரும் தடுப்பூசியும் மருத்துவமனையும் ஆகும். 1920களில் ஐடா சிம்மன்ஸ் என்னும் சுகாதாரத் தாதி கிராமப்புற வீடுகளைத் தேடிச் சென்று தொடங்கிய பணியின் வழிவந்தவை அவை. கட்டணத் தண்டனைக்கு அந்தப் புகழில் பங்கில்லை. ஒரு பெண் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி 1965இல் 4.66 ஆக இருந்து, 1975இலேயே ஈடுசெய் அளவாகிய 2.1க்கு வந்துவிட்டது. அதன் பின்னும் 'நிறுத்துக' என்னும் ஏவல் பத்தாண்டுக்கு மேல் நிற்கவில்லை. 'பெறுக' என்னும் ஏவலோ செல்லவில்லை: 2023இல் அச்சராசரி 0.97. ஏவலுக்கு இணங்கிக் குறைத்தவள், ஏவலுக்கு இணங்கிப் பெருக்கவில்லை. எழுவாய் தான் என்பதை அவள் இவ்வாறு தெரிவித்தாள் எனலாம்.

மாற்றம் வராமலும் இல்லை. 2002இல் நாடளாவிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. மருத்துவக் கல்லூரி வரம்பு நீங்கும் செய்தியும் அவ்வாண்டின் இறுதியில் வந்தது. ஆண் அரசு ஊழியரின் குடும்பத்துக்குக் கிடைத்த மருத்துவச் சலுகை, பெண் ஊழியரின் குடும்பத்துக்கும் 2005 முதல் சமமாயிற்று. 2019இல் உயர்நிலை முதலாம் ஆண்டு மாணவியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பள்ளியிலேயே வழங்கப்படலாயிற்று. பள்ளி இங்கே தண்டனைக் கருவியாகவில்லை, காக்கும் இடமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் தந்தையர்க்கு 4 வார விடுப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அன்னைக்கு மட்டுமே உரியதாக இருந்த ஏவல், தந்தையையும் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கியிருக்கிறது.

இவற்றுள் எது நல்ல சுகாதாரக் கொள்கை என்பதை அறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. மார்பகப் பரிசோதனை, பிள்ளை பெறாத பெண்ணுக்கும் உரியது. பிள்ளை பெறும் வயதைக் கடந்தவளுக்கும் உரியது. அவள் நலமே அதன் நோக்கம். எண்ணிக்கைக்காக வகுக்கப்பட்ட திட்டங்களில் அவள் எழுவாய் போலத் தோன்றினாலும் செயப்படுபொருளே. ஏவல் வாக்கியம் நடத்தும் ஆசிரியர், பழைய சுகாதாரச் சுவரொட்டி ஒன்றை வகுப்பில் காட்டி 'இதில் எழுவாய் யார்?' என்று கேட்கலாம். 'இதன் செலவு யாருடையது?' என்பது அடுத்த கேள்வியாக இருக்கட்டும். இரண்டுக்கும் விடை ஒன்றாக இல்லையென்றால், அதன் காரணத்தை மாணவரே தேடிக் கண்டுகொள்வர்.