எங்கே வைப்பது, யார் பார்ப்பது?

தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் எல்லோருக்கும் தெரியும். காலையிலும் மாலையிலும் ஐ.எல்.ஆர். எனப்படும் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவது பழைய நடைமுறை. இரவில் என்ன நடந்தது என்பதை அந்த நோட்டு சொல்லாது. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் வெப்பநிலையைத் தானாகவே பதிந்துகொண்டிருக்கும் டேட்டா லாகர்.

இதன் பலம் பெரிது. உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட 30 நாள் பதிவுக் கருவிகள் இரண்டு எல்லைகளில் எச்சரிக்கின்றன: 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம், மைனஸ் 0.5 டிகிரியிலோ அதற்குக் கீழோ 60 நிமிடம். இந்த நேர வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. வெப்பம் தடுப்பூசியை மெல்ல மெல்லக் கெடுக்கும். ஹெபடைடிஸ் பி, பெண்டாவேலண்ட் போன்றவையோ ஒரு முறை உறைந்தாலே வீண். குப்பியில் ஒட்டியிருக்கும் வி.வி.எம். குறி வெப்பத்தைக் காட்டுமே தவிர உறைதலைக் காட்டாது. அந்த இடத்தில் லாகரே காவல். இந்தியாவில் 2015 முதல் நடைமுறைக்கு வந்த இவின் (மின்னணுத் தடுப்பூசி நுண்ணறிவு வலையமைப்பு) திட்டம் சிம் பொருத்திய லாகர்கள் மூலம் பொறுப்பாளரின் கைபேசிக்கே எச்சரிக்கை அனுப்புகிறது.

குறை எங்கே தொடங்குகிறது? ஒரே மாடலை மொத்தமாக வாங்கி, தடுப்பூசிப் பெட்டி முதல் சூளை வரை எல்லா இடத்திலும் வைப்பதில். உலர்பனியின் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி. அங்கே சாதாரண லாகரைப் போட்டால் பேட்டரியும் திரையும் கைவிட்டுவிடும்; குளிர் தாங்கும் உணர்முனை மட்டும் உள்ளே, கருவி வெளியே என்ற அமைப்பு வேண்டும். ஆயிரம் டிகிரி சூளைக்குக் கே வகை தெர்மோகப்பிள் சரியான துணை. ஆனால் அதன் வழக்கமான பிழை வரம்பு 2.2 டிகிரி. 2-க்கும் 8-க்கும் நடுவே காவல் காக்க அது உதவாது, அதற்கு 0.5 டிகிரிக்குள் நிற்கும் தெர்மிஸ்டரோ பி.டி.100 உணரியோ தேவை. தகரச் சுவர் கொண்ட பெரிய குளிரறையில் வயர்லெஸ் சிக்னல் அறுபடும். அங்கே கருவிக்குள்ளேயே நினைவகம் இல்லையென்றால் பதிவில் ஓட்டை விழும்.

சரியான கருவியையும் தப்பான இடம் கெடுத்துவிடும். ஐ.எல்.ஆரின் மேல் கூடையில் லாகர் 5 டிகிரி காட்டிக்கொண்டிருக்கும்போதே, அடித்தளத்தையோ சுவரையோ ஒட்டி வைத்த குப்பி உறைந்துபோகலாம். உணர்முனை காற்றில் தொங்கினால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அளவு எகிறும். அலாரம் அடிக்கடி கத்தினால் அதை அணைப்பதே ஊழியருக்குப் பழக்கமாகிவிடும். முனையைக் கிளைக்கால் திரவம் நிரப்பிய சின்னப் புட்டியில் வைத்தால் அது குப்பிக்குள் இருக்கும் மருந்தின் வேகத்திலேயே சூடேறும், குளிரும். புட்டி பெரிதாகிவிட்டால் எதிர்த் தவறு: மருந்து கெட்ட பிறகும் கோடு நேராகவே ஓடும்.

கருவி அறிவிக்கும், முடிவெடுப்பது ஆள்தான். உறைதல் எச்சரிக்கை வந்தால், வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கிய அதே தொகுதிக் குப்பி ஒன்றோடு சந்தேகக் குப்பியையும் சேர்த்துக் குலுக்கி, வண்டல் எது வேகமாகப் படிகிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனை தெரியாத இடத்தில் விலையுயர்ந்த லாகரும் வெறும் சாட்சி.

ஆகவே விலைப்பட்டியலைப் பிரிக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இங்கே பொருளைக் கெடுப்பது சூடா, உறைதலா? பெட்டிக்குள் மிக மோசமான மூலை எது? இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் யார் வருவார்? முதல் இரண்டும் உணரியையும் அதன் இடத்தையும் முடிவு செய்யும். மூன்றாவதற்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் இல்லையென்றால், லாகர் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் ஆளுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குவதே சரி. வருடாந்தர அளவுத்திருத்தச் செலவும் அதே கணக்கில் சேர வேண்டும்.