கட்டற்ற எழுத்தும் மாணவர்தம் தன்குரலும்: திருவனந்தபுரத் தமிழ்ப் புனைகதைகளை முன்வைத்து

முன்னுரை

மொழிக்கல்வியில் கட்டுரைப் பயிற்சி முதன்மையான இடத்தைப் பெறுகிறது. எனினும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் சட்டகத்திற்குள் பிறர் கூறியவற்றை நிரப்பித் தருவதாகவே அப்பயிற்சி பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. பட்டப்படிப்பை முடித்த பின்னரும் தம் எண்ணத்தைத் தம் சொற்களால் ஒரு பக்கம் எழுத இயலாத மாணவர் உளர். இக்குறையைக் களைய மேலைநாட்டார் கண்ட 'கட்டற்ற எழுத்து' என்னும் முறை தமிழ் வகுப்பறைக்கு எவ்வாறு பொருந்தும் என்பதைத் திருவனந்தபுரத் தமிழ் எழுத்தாளர்களின் படைப்புகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டற்ற எழுத்து

குறிப்பிட்ட நேரம், பெரும்பாலும் பத்து நிமிடம், கையை நிறுத்தாமல் எழுதுவதே இம்முறையாகும். எழுதியதைத் திரும்பிப் பார்த்தலோ திருத்தலோ கூடாது. ஒன்றும் தோன்றாவிடில் அதனையே எழுதலாம். எழுதியதற்கு மதிப்பெண் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் டோரத்தியா பிராண்ட் 1934இல் வெளியிட்ட நூலில் இதற்கு நெருங்கிய பயிற்சியொன்றைப் பரிந்துரைத்தார். பேராசிரியர் பீட்டர் எல்போ 1973இல் வெளியிட்ட நூலின் வழியாக இது வகுப்பறை முறையாகப் பரவியது. ஆக்கலும் திருத்தலும் வெவ்வேறு செயல்கள். இரண்டையும் ஒருங்கே செய்ய முற்படுவோர்க்குத் திருத்தல் ஆக்கலைத் தடுத்துவிடுகிறது என்பது எல்போவின் அடிப்படைக் கருத்தாகும்.

இக்கருத்திற்கு மறுப்பும் எழுந்தது. எந்த மாணவரும் மொழிக்கு வெளியே நின்று எழுதுவதில்லை; கல்விப்புலத்தின் மொழியைப் பயின்றே அப்புலத்தில் பேச இயலும் என 1985இல் டேவிட் பார்த்தலமே வாதிட்டார். 1995இல் இவ்விருவரும் ஆய்விதழொன்றில் நேரடியாகவே கருத்துமோதல் நிகழ்த்தினர். 'தன்குரல்' என்பது உள்ளே முன்னரே இருப்பதா, பயிற்சியால் உருவாவதா என்பதே அவர்தம் விவாதத்தின் உட்கிடை எனலாம்.

இரட்டை வழக்கும் தடையும்

தமிழில் இவ்வினா வேறொரு வடிவம் கொள்கிறது. வழக்கு, செய்யுள் என்னும் இரண்டையும் முதலாகக் கொண்டு இலக்கணம் செய்யப்பட்டதைத் தொல்காப்பியப் பாயிரம் சுட்டுகிறது. இன்றும் பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் வினைமுற்றிலும் வேற்றுமை உருபிலும் சொற்றேர்விலும் பெரிதும் வேறுபடுகின்றன. எனவே, தமிழ் மாணவர் எழுதத் தொடங்கும்போதே தம் மனத்துள் எழும் தொடரை மற்றொரு வழக்கிற்கு மாற்றியாக வேண்டியுள்ளது. இம்மாற்றமே ஒருவகைத் திருத்தல். 'நிறுத்தாமல் எழுதுக, ஆனால் எழுத்துத்தமிழில் எழுதுக' என்னும் கட்டளை தன்னையே மறுத்துக்கொள்கிறது. கை நிற்கக் கூடாதென்னும் நெருக்கடியில் மாணவர் உரைநூல்களில் மனப்பாடம் செய்த ஆயத்தத் தொடர்களையே நாடுவர். பக்கம் நிரம்பும், குரல் பிறவாது.

திருவனந்தபுரச் சான்றுகள்

இச்சிக்கல் மிகுதியாக வெளிப்படும் இடங்களுள் திருவனந்தபுரமும் ஒன்று. நாகர்கோவில் வழியாக வருவோர் வந்திறங்கும் தம்பானூரும், அதனையடுத்த சாலைக் கடைத்தெருவும் தமிழும் மலையாளமும் ஒரே தொடருக்குள் கலந்து ஒலிக்கும் பகுதிகள். 1956இல் மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பின் இங்குள்ள தமிழர் மொழிச் சிறுபான்மையினராயினர். இவர்தம் பிள்ளைகளுக்குப் பேச்சுவழக்கு, எழுத்துத்தமிழ், மலையாளம் என மூன்று படிகள் உள்ளன.

இச்சூழலிலிருந்தே தமிழுக்குத் தனித்த குரல்கள் கிடைத்துள்ளமை கருதத்தக்கது. சாலைத் தெருவில் கடை நடத்திய ஆ. மாதவன் (1934–2021) அத்தெருவின் கலப்புமொழியைத் தம் கதைமாந்தரின் உரையாடலில் ஏற்றுக்கொண்டார். நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) இரணியல் பகுதிச் செட்டியார் சமூகத்தின் பேச்சுவழக்கை நாவல் முழுதும் பயில்கிறது. அவ்வழக்கை நீக்கிப் பொதுத்தமிழில் அந்நாவலை எழுதியிருப்பின் அதன் உலகமே மறைந்திருக்கும்.

ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றிய நகுலனின் (1921–2007) 'நினைவுப்பாதை' (1972) வேறொரு சான்று. நவீனன் என்னும் எழுத்தாளனின் மனவோட்டமாக அமைந்த இந்நாவல் மேலோட்டமாகக் கட்டற்ற எழுத்தெனத் தோன்றும். ஆயினும் திரும்பத் திரும்ப வரும் பெயர்களும் தொடர்களும் ஆசிரியரின் தேர்வைக் காட்டுகின்றன. கட்டின்மை இங்கு எழுத்தின் தோற்றமாக உள்ளது. கட்டு உள்ளே நிற்கிறது.

இவ்வெழுத்தாளர்கள் வகுப்பறைப் பயிற்சியால் உருவானவர்கள் அல்லர். எனினும் அவர்தம் படைப்புகளிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, தம் வழக்கைத் தாளில் அனுமதித்தலே குரலின் தொடக்கம். மற்றொன்று, அனுமதித்தவற்றுள் தேர்ந்தெடுத்தலாலேயே குரல் முழுமை பெறுகிறது. முதலாவது எல்போவுக்கும் இரண்டாவது பார்த்தலமேக்கும் அரண் செய்கிறது.

வகுப்பறைப் பயன்பாடு

ஆகவே தமிழ் வகுப்பறையில் இம்முறை மூன்று நிலைகளில் அமைதல் நன்று. முதல் நிலையில் மாணவர் தாம் வீட்டில் பேசும் வழக்கிலேயே, மலையாளச் சொல் வரினும் தயங்காது, பத்து நிமிடம் எழுதுதல் வேண்டும். அவ்வேட்டை ஆசிரியர் திருத்துதல் கூடாது. இரண்டாம் நிலையில், எழுதியவற்றுள் தமக்கே புதிதாகத் தோன்றும் ஒரு தொடரை மாணவர் தெரிந்து, அதனை விரித்து மீண்டும் எழுதுதல் வேண்டும். மூன்றாம் நிலையில், எவ்வெப்பகுதியை எழுத்துத்தமிழாக்குவது, எதனைப் பேச்சுவழக்கிலேயே விடுவது என்பதை ஆசிரியருடன் கலந்து முடிவு செய்தல் வேண்டும். இலக்கணக் கல்வி இம்மூன்றாம் நிலையில் தன் உண்மைப் பயனைப் பெறும். பிழை களையும் கருவியாக மட்டுமன்றித் தேர்வுக்குரிய அறிவாகவும் அது விளங்கும்.

பேச்சுவழக்கை அனுமதித்தால் மொழித்தரம் தாழும் என்னும் அச்சம் பொருளற்றதன்று. முதல் நிலையோடு பயிற்சி நின்றுவிடின் அவ்வச்சம் மெய்யாகும். இத்தகைய பயிற்சியைத் தேர்வு வினாவாக்கி மதிப்பெண் வழங்கினும் அது மற்றொரு சட்டகமாகவே மாறிவிடும்.

முடிவுரை

கட்டற்ற எழுத்தை அதன் விதிகளோடு மட்டும் தமிழுக்குக் கொணர்வது பயன் தராது. இரட்டை வழக்குச் சூழலில் மாணவரைத் தடுத்து நிறுத்தும் முதல் தணிக்கையாளர் எழுத்துத்தமிழ் பற்றிய அச்சமேயாகும். முதல் வரைவில் அவ்வச்சத்தை நீக்கி, பின்வரும் வரைவுகளில் எழுத்துத்தமிழை அறிவோடு மீட்டளிப்பதே ஆசிரியரின் கடமை. மொழிச் சிறுபான்மையினராக வாழும் மாணவர்க்கு இது மேலும் இன்றியமையாதது. வீட்டுத்தமிழைப் பிழையெனக் கொள்ளப் பழகியவர் நாளடைவில் தமிழில் எழுதுவதையே கைவிடுவர். அவ்விழப்பு அவருக்கு மட்டும் உரியதன்று, தமிழுக்கும் உரியதாகும்.