விளைச்சல் மட்டும் அளவுகோல் ஆகுமா? எதிர்ப்பொருள் உற்பத்தியில் ஊட்டச் சீராக்கம்: ஒரு திறனாய்வு

முன்னுரை

சிகிச்சைக்குப் பயன்படும் எதிர்ப்பொருள்களுள் பெரும்பாலானவை சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து பெறப்பட்ட சிஎச்ஓ உயிரணுக்களில் உற்பத்தியாகின்றன. 1980-களில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம்களாக இருந்த விளைச்சல், இன்று சில கிராம்களாக உயர்ந்துள்ளது. இவ்வுயர்வில் ஊட்டக் கரைசல்களின் பங்கு பெரிது. எனினும், எந்த ஊட்டம் சிறந்தது என்பதை விளைச்சலை மட்டும் கொண்டு முடிவு செய்யும் ஆய்வுமுறை குறையுடையது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

டைரோசின் தரும் சான்று

நடுநிலைக் கரைசலில் டைரோசின் லிட்டருக்கு அரைக் கிராம் அளவுகூடக் கரைவதில்லை. எனவே செறிவூட்டிய ஊட்டத்தில் முதலில் பற்றாக்குறையாகும் அமினோ அமிலங்களுள் இதுவும் ஒன்று. இது தீர்ந்தபின்னும் உயிரணு புரத உருவாக்கத்தை உடனே நிறுத்திவிடுவதில்லை. டைரோசின் அமைய வேண்டிய இடத்தில் ஃபினைல்அலனினையோ ஹிஸ்டிடினையோ சேர்த்துவிடுகிறது. அஸ்பராஜின் தீரும்போது செரின் அவ்விடத்தைப் பிடிக்கிறது. விளைச்சலை அளக்கும் வழக்கமான சோதனை, பிழையான மூலக்கூற்றையும் எதிர்ப்பொருளாகவே கணக்கிடும். நிறைநிறமாலையியல் ஆய்வே பிழையை வெளிப்படுத்தும்.

சர்க்கரைத் தொடரின் நிலை

எதிர்ப்பொருளின் மீதுள்ள சர்க்கரைத் தொடரும் ஊட்டத்தைச் சார்ந்தது. மாங்கனீசு, யூரிடின், கேலக்டோஸ் ஆகியவற்றைச் சேர்த்தால் தொடரின் நுனியில் கேலக்டோஸ் மிகுகிறது. மிகையான குளுட்டமினிலிருந்து உருவாகும் அம்மோனியா அதனைக் குறைக்கிறது. இம்மாற்றங்கள் நோயெதிர்ப்பு மண்டலத்தை மருந்து தூண்டும் திறனைப் பாதிக்கக்கூடியவை. மூல மருந்தை ஒத்திருப்பதையே தகுதியாகக் கொண்ட ஒப்புயிரி மருந்துகளுக்கு, விளைச்சலைவிட இதுவே முதன்மையானது.

மறைக்கப்பட்ட கலவைகள்

வணிக ஊட்டங்கள் பலவற்றின் கலவை வெளியிடப்படுவதில்லை. அத்தகைய இரண்டை ஒப்பிட்டு, ஒன்று மிகுதியாக விளைவித்தது எனக் கூறுவது நிறுவனத்திற்குக் கொள்முதல் குறிப்பாகலாம். காரணத்தை விளக்காததால் அறிவியல் முடிவாகாது. புள்ளியியல் முறையிலான சோதனை வடிவமைப்பும் இக்குறையை நீக்குவதில்லை. பெயர் தெரியாத கூறுகளின் விகிதத்தை மட்டுமே அது மாற்றிப் பார்க்கிறது.

முடிவுரை

ஊட்டம் பற்றிய ஆய்வுகள் கலவையையும், வளர்ப்புக் காலத்தில் நாள்தோறும் எஞ்சும் அமினோ அமில அளவுகளையும், மூலக்கூற்றின் தரத்தையும் விளைச்சலோடு சேர்த்து வெளியிடுதல் வேண்டும். நோயாளியின் உடலில் செல்வது விளைச்சல் எண் அன்று, மூலக்கூறே ஆகும்.