மறைசாட்சியின் அலுவல் நாள்கள்

புனிதர் வரலாற்றை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு ஆராயும் வழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகிறது. பக்தியோடு வாசிக்கிறோம், நவநாள்களில் கேட்டு உருகுகிறோம். ஆயினும் அந்நூல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது விடுகிறது என நாம் வினவுவதில்லை. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்த தேவசகாயத்தின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது. இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே அன்றோ!

1712இல் நட்டாலத்தில் உயர்குடியில் பிறந்த நீலகண்டப் பிள்ளை, மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அலுவலர். 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சியளித்த டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் சிறைப்பட்டார். 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்வரலாறு பல நூல்களாகவும் நாட்டுக்கூத்தாகவும் தமிழில் வழங்குகிறது. நாம் வாசித்தவற்றுள் பெரும்பாலானவை எருமை ஊர்வலத்தையும், எருக்கம்பூ மாலையையும், புண்ணில் தேய்த்த மிளகாய்த் தூளையும் பக்கம் பக்கமாக விரிக்கின்றன. திருமுழுக்குக்கும் சிறைக்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளோ சில வரிகளில் கடந்து போகின்றன.

இஃது ஒருவகையில் நம் மண்ணின் மரபே. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் வயலோரம் நிற்கும் நடுகற்களைக் காண்க. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எவ்வூர்ப் பூசல், யார் ஆநிரை மீட்டு மாண்டான் என்பன பொறிக்கப்பட்டிருக்கும். அவன் வாழ்ந்தது எவ்வாறு என்பதைக் கல் உரைப்பதில்லை. வீரனுக்கு அது போதும். பின்பற்ற வேண்டிய புனிதருக்குப் போதுமா?

மாறுபட்ட ஒரு நூலை இங்கு ஒப்புநோக்கலாம். பிரான்சு நாட்டு ஒரியாக் ஊரின் பிரபு ஜெரால்டு, 9ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்தார். அவர் துறவியுமல்லர், மறைசாட்சியுமல்லர். அவர் வரலாற்றை எழுதிய குளூனி மடத்து அதிபர் ஓதோ, செல்வமும் அதிகாரமும் உடைய ஒருவர் புனிதராதல் கூடுமோ என முதலில் ஐயுற்றார். அவரை அறிந்த சாட்சிகளை வினவித் தெளிந்த பின்னரே எழுதினார்.

சொல்வதற்கு வீரமரணம் ஒன்று இல்லாமையால் ஓதோவுக்கு வாழ்வையே எழுத வேண்டியதாயிற்று. நூலின் சிறப்பும் அங்கேதான். உரோமையில் வாங்கிய பட்டின் விலை மிகக் குறைவு என்று வழியில் ஒரு வணிகர் வியந்துரைக்க, ஜெரால்டு குறைந்த தொகையை விற்றவனுக்கு அனுப்பி வைக்கிறார். அவர் நிலத்தைவிட்டு ஓடிப்போய் வேற்று நாட்டில் நன்னிலையில் வாழும் குடியானவன் ஒருவன் எதிர்ப்படுகிறான். நடுங்கி நிற்கும் அவனைக் காட்டிக்கொடாமல், அவ்வூரார்முன் மதிப்போடு நடத்துகிறார்.

ஓதோவின் நூலிலும் குறை உண்டு. அடிமைகள் பலரை ஜெரால்டு விடுவித்ததைப் போற்றும் ஆசிரியர், அடிமை முறையைக் கேள்விக்குட்படுத்தவில்லை. பிரபுவை மறைவான துறவியாகவே காட்ட முனைவதால், பொதுநிலை வாழ்வு தன்னளவில் தூயது என்னும் உண்மை மங்குகிறது. அதனைத் திருச்சபை தெளிவுற முழங்க 1964ஆம் ஆண்டின் சங்க ஏடு வரை காத்திருக்க நேர்ந்தது.

எனினும் ஓதோ கேட்ட கேள்வியை நம் ஆசிரியர்கள் தேவசகாயத்திடம் கேட்டிருக்க வேண்டும். கருவூலக் கணக்கைக் கையாண்டவர் திருமுழுக்குக்குப்பின் அதனை எவ்வாறு கையாண்டார்? தாழ்த்தப்பட்டோரோடு அவர் சமமாகப் பழகியது அவர்மீது பகையை மூட்டிய காரணங்களுள் ஒன்று. அச்சமபந்தி எத்தகைய அதிர்வை அரண்மனைச் சுற்றத்தில் எழுப்பியது? புனிதர் பட்டத்தின்போது 'பிள்ளை' என்னும் சாதி அடையை உரோமை விலக்கியது. நூல்கள் இந்நான்கு ஆண்டுகளை விரித்துரைத்தாலன்றி அம்முடிவின் பொருள் வாசகருக்கு விளங்காது.

இது வெறும் இலக்கியக் குறையன்று. ஓசூர்த் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளராகவும், கொள்முதல் அலுவலராகவும், ஒப்பந்ததாரராகவும் பணிபுரியும் நம் இறைமக்களுக்கு எருமை ஊர்வலம் நேரப்போவதில்லை. எடைச்சீட்டில் ஒப்பமிடும் கணம் நேரும். வறுமையால் ஊரைவிட்டு வந்த பீகார், ஒடிசா இளைஞன் கூலி கேட்டு நிற்கும் கணம் நேரும். அவனிடம் ஜெரால்டு நடந்துகொண்டவாறு நடப்பதற்குக் குருதி சிந்தத் தேவையில்லை. இலாபத்தில் ஒரு பகுதி குறையக்கூடும், அவ்வளவே.

காற்றாடிமலையின் சாவு நம் வணக்கத்துக்குரியது. ஆனால் அச்சாவுக்கு ஒருவரைத் தகுதிப்படுத்தியவை அலுவல் நாள்களே. அடுத்து எழுதப்படும் தேவசகாயம் வரலாறு அவற்றிலிருந்து தொடங்கட்டும்.