பெயர் கூறா மரபு: நாடாளுமன்ற விளிமுறையும் தமிழ் வழக்கும்

முன்னுரை

ஷா ஆலமில் கூடும் சிலாங்கூர் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் இயற்பெயரால் விளிப்பதில்லை. கிள்ளான் துறைமுகத்தை அடுத்துள்ள பண்டமாரான் தொகுதியின் உறுப்பினர் அம்மன்றத்தில் 'யாங் பெர்ஹோர்மாட் பண்டமாரான்' ஆகிறார். சுருக்கமாகப் 'பண்டமாரான்' என்பதும் உண்டு. கோலாலம்பூரில் கூடும் மக்களவையிலும் இதுவே முறை. பிரித்தானிய நாடாளுமன்றத்திலிருந்து வந்த இவ்விளிமுறையை நம் தமிழ் நாளிதழ்களும் மேடைகளும் 'மாண்புமிகு' என்னும் அடைமொழியால் பெயர்த்து வழங்குகின்றன. இப்பெயர்ப்பில் மரபின் சொல் வந்துள்ளது. அதன் முறை வரவில்லை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளிமுறையின் பயன்

இம்மரபில் மூன்று கூறுகளைக் காணலாம். முதலாவது, பேசுவோர் அவைத்தலைவரை நோக்கியே பேச வேண்டும். இரண்டாவது, பிற உறுப்பினரைத் தொகுதியின் பெயராலோ பதவியின் பெயராலோ சுட்ட வேண்டும். மூன்றாவது, எதிரே அமர்ந்திருப்பவரையும் படர்க்கையிலேயே குறிப்பிட வேண்டும். இம்மூன்றும் வெறும் அணிகலன்கள் அல்ல. 'நீர் கூறுவது தவறு' என்பது இருவரிடையே எழும் பூசல். 'அவைத்தலைவர் அவர்களே, கிள்ளான் உறுப்பினர் கூறியது தவறு' என்பதோ அவையின் முன் வைக்கப்படும் கருத்து. முன்னதில் ஆள் தாக்கப்படுகிறார். பின்னதில் கூற்று ஆராயப்படுகிறது. மேலும், ஊரின் பெயரால் ஒருவரைச் சுட்டும்பொழுது அவருக்கு வாக்களித்த மக்களும், வாக்களியாத மக்களும் நினைவுக்கு வருகின்றனர்.

தமிழ்ப் பெயர்ப்பின் குறை

மலாய் மொழியில் 'யாங் பெர்ஹோர்மாட்' என்பது பெயருக்கு முன்வரும் மதிப்புச் சொல்லாக மட்டும் நிற்பதில்லை. 'யாங் பெர்ஹோர்மாட் சற்று முன் கூறினார்' என்னும் பொருள்பட, முன்னிலைப் பெயருக்கு ஈடாகத் தனித்தும் வருகிறது. தமிழில் 'மாண்புமிகு' அவ்வாறு தனித்து நிற்க இயலாது. அதனைத் தொடர்ந்து ஒரு பெயர் வந்தாக வேண்டும். ஆகவே மலாய்க் கூற்றைத் தமிழில் தரும் செய்தியாளர் 'நீங்கள் கூறினீர்கள்' என்று எழுத நேர்கிறது. அந்நிலையில் மரபு விலக்கிவைத்த முன்னிலை மீண்டும் உள்ளே நுழைந்துவிடுகிறது.

சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் தமிழிலேயே பேசலாம். உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதியும் அங்கு உண்டு. நம் மக்களவையிலோ தேசிய மொழியே அவைமொழி. அவைத்தலைவரின் இசைவோடு ஆங்கிலம் இடம்பெறலாம். எனவே மலேசியத் தமிழ் வாசகர் நாடாளுமன்ற உரையைப் பெரும்பாலும் பெயர்ப்பின் வழியே அறிகிறார். பெயர்ப்பில் நேரும் இச்சிறு மாற்றத்தை நாம் பொருட்படுத்த வேண்டியதன் காரணம் இதுவே.

தமிழ் மரபில் இடமுண்டா?

பெயர் கூறாமையும் படர்க்கைக் கூற்றும் தமிழுக்குப் புதியன அல்ல. அகத்திணை மாந்தரை இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. அகப்பாடல்களில் தலைவன் ஊரன், நாடன், துறைவன் என நிலத்தால் அழைக்கப்படுகிறான். கற்பியலில் வரும் 'முன்னிலைப் புறமொழி', முன்னிற்பவரையே பிறரைக் கூறுவது போலக் கூறுவதாகும். ஒருவரைப் பன்மையால் சுட்டும் வழக்கைக் கிளவியாக்கம் உயர்சொல் என ஏற்கிறது. இவற்றுக்கிடையே வேறுபாடும் உண்டு. அகமரபு தனிமனித வாழ்வைக் காக்கப் பெயரை மறைக்கிறது. அவைமரபு பொதுப்பொறுப்பை முன்னிறுத்தப் பெயரை மறைக்கிறது. எனினும் மொழிக்கருவி ஒன்றே.

பட்டிமன்றத்தையும் இங்கு நினைவுகூரலாம். 'நடுவர் அவர்களே, எதிரணியில் பேசிய நண்பர் என்ன சொன்னார்?' என்னும் தொடரில் மேற்கூறிய மூன்று கூறுகளும் அமைந்துள்ளன. நாடாளுமன்றத்திலிருந்து நாம் இரவல் பெறத் துடிக்கும் முறை நம் கோயில் மண்டபங்களிலேயே வழங்கி வருகிறது.

வடிவமும் உள்ளமும்

வடிவம் மட்டும் போதுமா என்னும் வினா எழலாம். 2007 மே 9-இல் மக்களவையில் நாடாளுமன்றக் கட்டடத்தின் கூரை ஒழுகியது பற்றிய பேச்செழுந்தபொழுது, பத்து காஜா உறுப்பினரான பெண்மணியை அத்தொகுதிப் பெயராலேயே சுட்டி, மாதவிலக்கைக் குறித்து இழிவாகப் பேசினர் இருவர். கினாபாத்தாங்கான், ஜாசின் ஆகிய தொகுதிகளின் உறுப்பினர்கள் அவர்கள். விளிமுறை அங்கு மீறப்படவில்லை. அதுவே இழிசொல்லுக்குப் போர்வையாயிற்று. பின்னர் அவர்கள் மன்னிப்புக் கோரினர். பாலினத்தை இழிவுபடுத்தும் சொற்களை இன்று மக்களவையின் நிலையியல் விதி 36(4) வெளிப்படையாகவே தடைசெய்கிறது.

தமிழகத்தில் காணப்படுவது வேறு வகைத் திரிபு. அங்கு 'கனம்' மறைந்து 'மாண்புமிகு' நிலைபெற்றது நற்றமிழ் வளர்ச்சியே. ஆயினும் எதிர்த்தரப்பினருக்கு உரிய மரியாதை தம் தலைவருக்கான புகழுரையாக இடம்பெயர்ந்தது. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், தம் கட்சி உறுப்பினர்கள் தம்மைப் புகழ்ந்து அவையின் நேரத்தைச் செலவிடலாகாது என எச்சரிக்க வேண்டியிருந்தது. வேண்டியவரைப் போற்றுவதற்கு அவை மரபு தேவையில்லை. வேண்டாதவரிடம் பேசுவதற்கே அது தேவைப்படுகிறது.

முடிவுரை

நம் பள்ளி, பல்கலைக்கழக விவாத மேடைகளில் மாணவர்கள் நீண்ட அவை வணக்கத்தை மனப்பாடமாகக் கூறுகின்றனர். வணக்கம் முடிந்ததும் 'நீங்கள் சொன்னீர்களே!' என்று எதிரணியைச் சாடுகின்றனர். மதிப்பெண் அட்டையில் அவை வணக்கத்திற்கு இடமளிக்கும் நாம், படர்க்கையில் மறுத்துரைக்கும் திறனுக்கும் இடமளிக்க வேண்டும். 'பண்டமாரான் உறுப்பினரின் கூற்றை நான் ஏற்கவில்லை' என்று ஒரு மாணவரால் சினமின்றிச் சொல்ல இயலுமாயின், 'மாண்புமிகு' என்னும் சொல் விடுபட்டாலும் இழப்பில்லை.